இருபத்து நாலாம் அத்தியாயத்துக் கொலை

எடின்பரோ
3 பிப்ரவரி 2016

அன்புள்ள பிப்பாவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். கொலை செய்தவளிடம் யார் நலம் விசாரிப்பார்கள்?

உன் இருபத்து நாலாம் அத்தியாயம் இன்று காலைத் தபாலில் வந்தது. கஞ்சியை ஆற விட்டுவிட்டுப் படித்தேன். டில்டாவை மணிக்கூண்டின் உச்சியிலிருந்து விழ வைத்திருக்கிறாய்! ஆறு புத்தகமாக நாம் வளர்த்த பெண். முந்தைய அத்தியாயத்தில்தான் அவளும் ஆக்டேவியாவும் நூலகத்தில் முதன்முறையாகக் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்ன விட்டா எனக்கு யாருடி இருக்கா?” என்று வாய்விட்டுச் சொன்னார்கள். அதை எழுதிய மை காய்வதற்குள் ஒருத்தியை மேலே அனுப்பிவிட்டாய்.

இருபத்திரண்டு வருடமாக ஒரே ஆண் புனைபெயருக்குப் பின்னால் இருவரும் ஒளிந்திருக்கிறோம். ஒற்றைப்படை அத்தியாயம் எனக்கு, இரட்டைப்படை உனக்கு. ஒருத்தி எழுதியதை மற்றவள் அழிக்கக் கூடாது, தொடரத்தான் செய்யலாம். டீக்கடைக் காகிதத்தில் நான் எழுதி நீ கையெழுத்துப் போட்ட அந்த ஒப்பந்தம் இன்னும் என் மேசைக்குள் இருக்கிறது. ஆகவே டில்டாவை உயிரோடு எழுப்ப எனக்கு உரிமை இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் கார்ஸ்மோர் மந்திரப் பள்ளியில் செத்தவர்கள் சும்மா கிடக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லையே!

இத்துடன் இருபத்தைந்து. டில்டாவின் ஆவி வந்துவிட்டது. வந்ததும் ஆக்டேவியாவின் கட்டிலில் உட்கார்ந்து, “கால நகத்துடி” என்கிறது.

கோபத்துடனும் அன்புடனும்,
எல்சி


ஆக்ஸ்ஃபோர்டு
11 பிப்ரவரி 2016

அன்புள்ள எல்ஸ்பெத்துக்கு,

கடிதமும் அத்தியாயமும் கிடைத்தன. கொலை என்பது மிகையான சொல். நம் மாதிரிக் கதைகளுக்கு ஒரு மரபு இருக்கிறது: பழைய கல்லூரி, கறுப்பு அங்கி, மெழுகுவர்த்தி, லத்தீன், ஓயாத மழை, கடைசியில் ஒரு பிணம். நீ மெழுகுவர்த்தியை ஏற்றுக்கொள்கிறாய், மழையை ஏற்றுக்கொள்கிறாய், பிணம் என்றால் மட்டும் முகத்தைச் சுளிக்கிறாய்.

பதிப்பகத்து ஜெரால்டும் தொலைபேசியில் அதையேதான் சொன்னார். “சாவு இருந்தா அட்டைய முழுக்கக் கறுப்பா போட்டுடலாம் மேடம். கறுப்பு அட்டை நல்லா போகுது.”

பெண்கள் விடுதியில் ஆவி தங்குவது விதிகளுக்குப் புறம்பானது. ஆகவே இருபத்தாறில் தலைமையாசிரியை ஓர் உத்தரவு போட்டிருக்கிறார். ஆவியை வழியனுப்பும் சடங்குதான் ஆக்டேவியாவுக்கு ஆண்டுத் தேர்வு. அவள் வகுப்பில் முதல் மாணவி, தவற மாட்டாள்.

இங்கே மழை. என் பூனை செனட்டருக்குச் சளி.

உன் பழைய பள்ளித் தோழி,
பிலிப்பா மார்ச்பேங்க்ஸ்


எடின்பரோ
19 பிப்ரவரி 2016

அன்புள்ள பிப்பா,

செனட்டருக்குச் சூடாக மீன் சாறு கொடு. உனக்கு எதைக் கொடுத்தால் புத்தி வரும் என்றுதான் தெரியவில்லை.

நம்மாட்கள் மட்டும் ஏன் சாக வேண்டும்? நம் பள்ளியில் மந்திரம் கற்பிக்கும் அத்தனை ஆசிரியர்களும் மனைவியோடும் குழந்தைகளோடும் சௌக்கியமாக இருக்கிறார்கள். நீ முதல் புத்தகத்தில் வளர்த்த பேசும் தேரைக்குக்கூடக் கல்யாணமாகிவிட்டது. ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பார்த்து மனதில் இருப்பதைச் சொன்னால் மட்டும் அடுத்த பக்கத்தில் மணிக்கூண்டா?

லீட்ஸிலிருந்து டோரீன் என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறாள். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அவள் கடிதத்தை அப்படியே தருகிறேன்: “ஐயா, நானும் என் பொண்டாட்டியும் உங்க ஆறு புத்தகத்தையும் ஒருத்தர் படிக்க ஒருத்தர் கேட்டோம். அந்த ரெண்டு புள்ளைங்களும் வெறும் ஃப்ரெண்ட்ஸுன்னு எங்கள நம்பச் சொல்லாதீங்க. நாங்களும் முப்பது வருஷம் ‘ஃப்ரெண்ட்ஸா’ இருந்தவங்கதான். ஏழாவதுலயாவது சொல்லிடுங்க. அவளுக்கு எழுபத்தெட்டு ஆகுது, நீங்க வேகமா எழுதணும்.”

‘ஐயா’ என்பதைக் கவனித்தாயா? நம்மை மீசை வைத்த ஆள் என்றே நினைக்கிறார்கள்.

இருபத்தேழு இத்துடன். ஆக்டேவியா தேர்வில் வேண்டுமென்றே பூஜ்யம் வாங்கிவிட்டாள்.

அன்புடன்,
எல்சி


ஆக்ஸ்ஃபோர்டு
1 மார்ச் 2016

அன்புள்ள எல்ஸ்பெத்துக்கு,

முதல் மாணவி பூஜ்யமா? ஏழு புத்தகமாகக் கட்டிக் காத்த ஒரு பாத்திரத்தை இப்படியா கெடுப்பது?

டோரீனுக்கும் அவர் மனைவிக்கும் என் வணக்கத்தைச் சொல். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். ஆறு புத்தகமாக எல்லோரும் ‘தோழிகள்’ என்றே படித்தார்கள், யாருக்கும் ஒரு தொல்லையும் இல்லை. சொல்லாமல் இருக்கும்வரை அதை யாரும் பிடுங்கிக்கொள்ள முடியாது. சொல்லிவிட்டால் பார்ப்பார்கள், பேசுவார்கள், சிரிப்பார்கள். சொன்ன மறுகணமே செத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

இருபத்தெட்டில் ஆக்டேவியாவுக்குத் தலைமையாசிரியையின் அண்ணன் மகன் லயனலோடு நிச்சயதார்த்தம். நல்ல பையன், சொந்தமாகக் குதிரை வைத்திருக்கிறான்.

நம் புத்தகம் எப்போதும் முப்பதில் முடியும் என்பதை நினைவூட்டுகிறேன். முப்பது இரட்டைப்படை.

உன் பழைய பள்ளித் தோழி,
பிலிப்பா மார்ச்பேங்க்ஸ்


எடின்பரோ
10 மார்ச் 2016

பிப்பா,

இத்துடன் இருபத்தொன்பது. லயனல் நல்ல பையன்தான். நிச்சயதார்த்த விருந்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, தனக்கு ஏரிப் படகோட்டி மேல்தான் காதல் என்று சொல்லிவிட்டான். படகோட்டி கையிலிருந்த சூப் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டான். குதிரைக்கு மட்டும் ஆச்சரியமில்லை.

இனி விளையாட்டு போதும். முப்பது உன் கையில் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் உன் கடிதத்தில் ‘சொல்லிவிட்டால் சிரிப்பார்கள்’ என்ற வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அது டில்டாவைப் பற்றிய வரி இல்லை.

1974 நவம்பர், நம் பள்ளியின் வரைபட அறை. நான் உன்னை முத்தமிட்டேன். நீயும்தான். என் பங்கை மட்டும்தான் நான் செய்தேன், உன் பங்கை நீயே செய்தாய். மறுநாள் காலைச் சாப்பாட்டில் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், “நேத்து ஒண்ணும் நடக்கல எல்சி. அந்த உப்ப இப்படித் தள்ளு” என்றாய். நான் உப்பைத் தள்ளினேன். நாற்பத்தோரு வருடமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். நீயும் ஒவ்வொரு கடிதத்திலும் ‘பழைய பள்ளித் தோழி’ என்று முழுப்பெயரோடு கையெழுத்துப் போடுகிறாய், வங்கிக்கு எழுதுவது போல.

டில்டாவை நீ இன்னொரு முறை சாகடித்தால் புத்தகம் வெளிவரும், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு உனக்குக் கடிதம் எழுத எனக்குக் கை வராது.

எல்சி


எடின்பரோ
26 மார்ச் 2016

பிப்பா,

பதினாறு நாளாகத் தபால்காரரை வாசலில் மறித்து நிற்கிறேன். நேற்று அவர், “இன்னைக்கும் கரண்ட் பில்லுதாம்மா, நான் என்ன செய்ய?” என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

கை வராது என்று எழுதியவள்தான் நான். பார், வருகிறது. செனட்டர் எப்படி இருக்கிறது என்றாவது ஒரு வரி எழுது.

எல்சி


ஆக்ஸ்ஃபோர்டு
4 ஏப்ரல் 2016

எல்சி,

செனட்டர் தேறிவிட்டது. முப்பதாம் அத்தியாயத்தின் மேல் படுத்துத் தூங்குகிறது.

அதை நான்கு முறை எழுதினேன். முதலில் டில்டாவின் ஆவி கரைந்து போனது. பிறகு ஆக்டேவியா விஷம் குடித்தாள். பிறகு பள்ளியே எரிந்தது. நான்காவதில் எல்லோரும் செத்தார்கள், படகோட்டி உட்பட. அவன் பாவம், என்ன செய்தான்? நான்கையும் கிழித்துப் போட்டேன்.

ஐந்தாவது முறை உட்காருமுன் என் இருபத்து நாலை எடுத்துப் படித்தேன். டில்டா விழுந்தாள் என்று இருக்கிறது. காற்று இருக்கிறது, மழை இருக்கிறது, அங்கி படபடத்ததும் ஆக்டேவியா அலறியதும் இருக்கின்றன. தரையைத் தொட்டாள் என்று மட்டும் இல்லை. உடலை யாரும் பார்த்ததாகவும் இல்லை. நீயும் நானும் ஜெரால்டும் நாமாகவே அவளைப் புதைத்துவிட்டோம். முப்பது வருடம் நூலகத்தில் வேலை பார்த்து அடுத்தவர் பிழையைப் பிடித்தவள் நான். இது எப்படி விட்டுப்போனது என்று தெரியவில்லை. இல்லை, தெரியும்.

ஆகவே எதையும் அழிக்காமல் எழுதிவிட்டேன். டில்டா ஐந்து அத்தியாயமாக விழுந்துகொண்டே இருக்கிறாள். கட்டிலில் வந்து உட்கார்ந்தது அவளுக்கு முன்னால் ஓடிவந்த நிழல். ஆக்டேவியா மணிக்கூண்டின் அடியில் போய்க் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். பிடித்துவிடுகிறாள். இருவரும் புல்லில் உருள்கிறார்கள். “இவ்வளவு நேரமாடி வர்றதுக்கு?” என்கிறாள் டில்டா. மொத்தம் இரண்டே பக்கம்.

இன்னொன்றும் புரிந்தது. ஒருத்தி எழுதியதை மற்றவள் அழிக்கக் கூடாது என்று டீக்கடையில் நீ எழுதியபோது, இவளுக்கு எதற்கு இப்படி ஒரு விதி என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். ஒரு காலைச் சாப்பாட்டு மேசையில் நான் அதைத்தான் உனக்குச் செய்திருந்தேன். பயந்துவிட்டேன், எல்சி. அன்றைக்கு மட்டுமல்ல. மன்னித்துவிடு. வரைபட அறையில் நடந்தது நடந்ததுதான். என் பங்கை நான்தான் செய்தேன்.

அவர்கள் முத்தமிடுவதை எழுத எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. அதனால் இந்தப் புத்தகம் முப்பதில் முடியாது என்று ஜெரால்டிடம் சொல்லிவிட்டேன். “முப்பத்தொண்ணா? அட்டை என்ன கலர்ல போடுறது மேடம்?” என்று பதறினார். பச்சை என்றேன். கடைசி அத்தியாயம் உன்னுடையது. டோரீனிடம் சொல், சீக்கிரம் முடித்துவிடுவோம்.

வெள்ளிக்கிழமை மதிய ரயிலில் வருகிறேன். செனட்டர் கூடையில் வரும். மறுநாள் காலைக் கஞ்சிக்கு உப்பை நீ தள்ள வேண்டாம், நானே எழுந்து உன் பக்கம் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

உன்னுடைய,
பிப்பா