முப்பது வாட்ஸ் போதும்

3 செப்டம்பர் 1995, ஞாயிறு

கூடத்தில் ஒரே கூட்டம். என் வீட்டுக்காரர் நூற்றைம்பது வாட்ஸ் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கி வந்து, சிநேகிதர்களைக் கூப்பிட்டு சி.டி. போட்டுக் காட்டினார். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பிறகு ரெகார்டு சுழற்றுகிற என் டர்ன்டேபிளை அதில் சொருகினார். பாட்டு கொசு ரீங்காரம் மாதிரி வந்தது. சத்தத்தை முழுக்கத் திருப்பியும் அதே கொசுதான்.

"ரெகார்டு காலம் முடிஞ்சுதுங்க" என்று எல்லாருக்கும் பொதுவாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். என் இசைத்தட்டுகள் அத்தனையும் அவருடைய பம்புப் பட்டறைக் கிடங்குக்குப் போகுமாம். அங்கே மேலே தகரக் கூரை, பக்கத்தில் உலை. ஒரே கோடையில் வளைந்துவிடும். இருபது வருஷமாக ஒவ்வொன்றாக நான் சேர்த்தவை. என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?

போகாது. ஒன்றுகூடப் போகாது.

4 செப்டம்பர்

அவர் முன்னால் காபி மட்டும் வைத்தேன்.

7 செப்டம்பர், வியாழன்

ஒரு தட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பீளமேட்டில் பஸ் ஏறி டவுன்ஹால் போனேன். உமர் பாரூக்கின் ரேடியோ கடை. "சார் வரலீங்களா?" என்றார். கேட்கப்போவது என் காது என்றேன். சிரித்துவிட்டு நாற்காலி போட்டார்.

கொசுவின் காரணம் தெரிந்தது. ஊசியிலிருந்து வரும் சத்தம் ரொம்பச் சின்னது. அதை முதலில் தூக்கிக் கொடுக்க ஃபோனோ ஸ்டேஜ் வேண்டும். சி.டி.க்கென்று வருகிற புதுசுகளில் அதை விட்டுவிடுகிறார்களாம். என் தட்டின் மேல் ஒரு தப்பும் இல்லை!

இரண்டு வழி சொன்னார். பெரிய ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் வைக்கத் தனிப் பெட்டி. இல்லையென்றால் ஃபோனோ ஸ்டேஜ் உள்ளேயே இருக்கிற பழைய முப்பது வாட்ஸ். இரண்டிலும் என் தட்டையே போடச் சொன்னேன். தனிப் பெட்டியில் குரலோடு இரைச்சலும் சேர்ந்து பெருத்தது. பழையதில், பாடுகிற அம்மாள் அடுத்த அடிக்கு மூச்சு இழுப்பது கேட்டது. இதுதான் என்று சொல்லிவிட்டேன். என் சீட்டுப் பணம், என் முடிவு.

8 செப்டம்பர்

கோபம் வந்தால் இவருக்குத் தெலுங்குதான் வரும். இன்று முழுக்கத் தெலுங்கு. பம்பு செய்கிற மனுஷர் — வாட்ஸையும் மோட்டாரின் எச்.பி. மாதிரியே, கூடக் கூட நல்லது என்று நினைக்கிறார். கடைசியில் தமிழுக்கு வந்தார்.

"ஊட்ல ஏழரை எச்.பி. இருக்கறப்ப அரை எச்.பி.யத் தூக்கிட்டு வந்திருக்கறியே அம்மணி."

"முப்பதடிக் கிணத்துக்கு ஏழரை எச்.பி. போடுவீங்களா? பம்புல மொதத் தண்ணி ஊத்தாம சுவிட்சைப் போட்டுப்போட்டு, கிணத்துல தண்ணியே இல்லைன்னு சொன்னது நீங்கதானுங்க."

ஃபோனோ ஸ்டேஜ் இல்லாமல் என் தட்டைப் போட்டதைத்தான் சொன்னேன். கூடத்தில் இரண்டுக்கு இடமில்லை என்று முனகினார். அப்படியானால் உங்களுடையதை எடுங்கள் என்றேன்.  

10 செப்டம்பர், ஞாயிறு

வேண்டுமென்றே அதே சிநேகிதர்கள் வந்திருக்கும்போது, அன்றைய தட்டையே முப்பது வாட்ஸில் போட்டேன். மில் லட்சுமணசாமி எடுத்த முறுக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பாட்டு முடிந்ததும், "அன்னைக்குப் போட்ட அதே ரெகார்டுங்களா?" என்று என்னைக் கேட்டார். என்னை.

இவர் பேப்பரை விரித்துக்கொண்டார். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

30 செப்டம்பர், சனி

நூற்றைம்பது வாட்ஸ் பட்டறைக்குப் போயாச்சு. ஆயுத பூஜைக்குத் தெருவே கேட்க வேண்டுமாம். நான் மறுபடி சொல்லவில்லை, அவரே டெம்போவில் ஏற்றினார்.

சாயங்காலம் டர்ன்டேபிள் பக்கம் வந்து நின்று, இன்றைக்கு எதைப் போடுகிறாய் என்று கேட்டார்.

"நீங்களே எடுங்க. ஓரத்தைப் புடிக்கோணும். நடுவுல கை பட்டா நான் சும்மா இருக்க மாட்டேன்."

வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டுதான் எடுத்தார்.