டூகல் அண்ணனின் காவல்

அன்பு மகன் லாக்லனுக்கு அப்பா யூவன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் கறுப்புப் பசுவும் சுகம், கடலுக்கு அப்பால் நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாயிருக்க வேண்டும். பையன் என்று படித்ததும் உன் அம்மா அழுதாள், பிறகு மூக்கு யார் ஜாடை என்று எழுதவில்லையே என்று உன்னைத் திட்டினாள். ஞானஸ்நானத்தில் நம் பழைய குலப்பெயரை வைக்கட்டுமா என்று கேட்டிருந்தாய், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பஞ்ச வருடத்தில், தன் குலப்பெயரை ஏற்கிற வீட்டுக்கு ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு என்றார் இந்த நிலத்தை ஆளும் வேற்றுக் குலத் தலைவர். நீ தொட்டிலில் பசியால் கத்திக்கொண்டிருந்தாய், நான் போய் வாங்கினேன், நம் சனம் மொத்தமும் வாங்கியது. என் அண்ணன் டூகல் மட்டும், மாவுக்கு அப்பன் பேர விக்கிறியேடா, வெக்கமா இல்ல என்று கேட்டுவிட்டுப் பட்டினியில் செத்தான். இங்கே கடைசியாகப் புதைக்கப்பட்டவரின் ஆவிதான் அடுத்தவர் வரும்வரை இடுகாட்டைக் காவல் காக்க வேண்டும், ஒவ்வொரு குலத்துக்கும் தனி மூலை, தனிக் காவல். அவனுக்குப் பிறகு செத்தவர்களை எல்லாம் தலைவரின் பெயரில் தலைவரின் மூலையில் புதைத்தோம். இருபத்தாறு வருடமாக அவனை மாற்றிவிட ஆள் இல்லை என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

அறுவடை முடிந்ததிலிருந்து வருகிறான். பகலில், மூடுபனி இறங்கியதும் வாசலில் நின்று பழைய பெயரைச் சொல்லி, அந்த வீட்டு ஆளு யாராச்சும் இருக்கீங்களா என்கிறான். நாய் குரைப்பதில்லை, வாலை ஆட்டுகிறது. இங்க அந்தப் பேருல யாரும் இல்ல அத்தான், போயிருங்க என்று உன் அம்மா சொல்லி அனுப்புவாள். போன வாரம் அவன் போகவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் பொறந்திருக்கானாமே, அவன அனுப்புங்க என்றான். உன் கடிதம் வந்தது அதற்கு மூன்று நாள் கழித்து.

கடிதம் வந்த மறுநாள் அவன் கூப்பிட்டதும் நானே கதவைத் திறந்து, பையன விட்டுடு அண்ணே, நான் வரேன் என்றேன். அப்புறம் அவன் வரவில்லை. என்னைப் பழைய பெயரிலேயே நம் மூலையில் புதைக்கும்படி குழி வெட்டுகிறவனிடம் சொல்லிவிட்டேன். இந்த இருமல் குளிர்காலத்தைத் தாண்ட விடாது. எனக்குப் பின் என்னை மாற்றிவிட யாரும் வர மாட்டார்கள், தெரிந்துதான் செய்கிறேன். அந்த மாவைத் தின்றவன் நான்தானே.

நீயும் பிள்ளையும் கர்த்தர் அருளால் நீடூழி வாழ வேண்டும். மறக்காமல் ஞானஸ்நானப் பதிவேட்டில் தலைவரின் பெயரையே எழுதச் சொல், பழைய பெயரைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காதே. என்றைக்காவது மூடுபனியில் உன் வாசலில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லி ஆள் கேட்டால், அது என் குரலாகவே இருந்தாலும், நான் எவ்வளவு கெஞ்சினாலும், பதில் சொல்லாதே.

உன் அப்பா
யூவன்