அணையை மிதித்த எருமைகள்

லைஹாரா, சும்பா தீவு
9 ஆகஸ்ட் 1998

அன்புத் தம்பி மெஹாவுக்கு,

அப்பாவின் தலைமாட்டில் வெற்றிலை பாக்கு வைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். கண்மூடிய நாளிலிருந்து, நம் வழக்கப்படி, துணி சுற்றியபடி நடுவீட்டில் அமைதியாகப் படுத்திருக்கிறார்.

தன் அடக்கத்தன்று வெட்டவென்று அவர் வளர்த்த நான்கு எருமைகளும் நலம். இப்போது அவை ஓடையில் மண் அணை மிதிக்கின்றன. ரோலர் வண்டி நம் மலைப்பாதையில் ஏறாது. களிமண்ணைப் பரப்பி, நனைத்து, நடவுக்கு வயல் மிதிக்கவிடுவது போல வட்டமாக ஓட்டுகிறோம். கரை இறுகினால் வீட்டுக்கு மின்சாரம், வயலுக்குத் தண்ணீர். அதுவரை அடக்கம் இல்லை.

"அப்பன வீட்டுல கெடத்திட்டு, அவரு எருமைய வேலைக்கு விட்டிருக்கா பாரு" என்று பக்கத்து வீட்டுக்காரி பேசினாள். "அவருக்கே அவசரம் இல்ல, உனக்கென்ன?" என்றேன்.

உன் அக்கா,
காஹி

சுரபாயா
2 செப்டம்பர் 1998

அக்கா,

இங்கே துறைமுகத்தில் எல்லார் முன்னாலும் மாமா கேட்டார்: "ஏன்டா, உங்கப்பன் அந்த உலகத்துக்குத் தனியாவா போவான்?" கூனிக்குறுகிப் போனேன். அப்பாவுக்குத் துணை போக வேண்டிய எருமைகளை மண் மிதிக்க விட்டிருக்கிறாய். அந்தக் கரை ஒரு மழைக்குத் தாங்காது. மழை முடிந்ததும் வருவேன். நான்கையும் ஓட்டிப்போய் வெட்டி, அப்பாவை நானே அனுப்பிவைப்பேன். அதன் பிறகு உனக்கும் எனக்கும் பேச்சில்லை.

மெஹா

லைஹாரா
15 மார்ச் 1999

அன்புத் தம்பிக்கு,

பேச்சில்லை என்றுதானே சொன்னாய், எழுதத் தடையில்லையே.

மழை கொட்டித் தீர்த்தது. ஊரே ஓடையோரம் நின்று பார்த்தது. கரை அசையவில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன், கண் வைக்காதே. மின்சாரம் எடுக்கும் டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் அதே தண்ணீர்தான் வாய்க்காலிலும் ஓடுகிறது. முதல் பல்பை அப்பாவின் தலைமாட்டில் போட்டோம். அந்த வெளிச்சத்தில் அவரைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசாத கீழூர் ரெத்தாங் பெரிய எருமை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். "எங்க வயல்ல தண்ணி நிக்குது. அவரு போறப்ப நான் வெறுங்கையோட வந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். அவரைப் பார்த்து வாய்க்காலோரத்து வீடெல்லாம் எருமை கொண்டுவருகிறது. கட்ட இடமில்லை. அறுவடை முடிந்ததும் அடக்கம்.

அணை மிதித்த அந்த நான்கை மட்டும் வெட்ட இங்கே யாரும் கத்தி எடுக்கமாட்டார்கள். ஆனால் அவற்றில் உனக்கும் பங்குண்டு. ஓட்டிப்போக வந்தால் நான் மறிக்கமாட்டேன்.

காஹி

சுரபாயா
20 ஏப்ரல் 1999

அன்பு அக்காவுக்கு,

கடிதத்தை மாமாவிடம் படித்துக் காட்டினேன். இப்போது துறைமுகம் முழுக்க அவர்தான் சொல்லித் திரிகிறார்: "எங்க மச்சான் எருமை கட்டுன அணைடா அது."

உன்னிடம் கடுமையாகப் பேசிவிட்டேன். மனசில் வைக்காதே.

அடுத்த கப்பலில் வருகிறேன். அப்பாவைத் தூக்கும்போது அந்த நான்கும்தான் முன்னால் போக வேண்டும். நானே ஓட்டுகிறேன். கல்லறை வரை போய், நானே வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிவருவேன். அடுத்த மழைக்குள் கரைக்கு இன்னும் மண் போட்டு மிதிக்க வேண்டும், இல்லையா?

உன் தம்பி,
மெஹா