நான்கு விரல் அகலம்

அருமனை,
மே 24

அன்புள்ள ஆன்ட்ரூஸ் அண்ணனுக்கு,

யேசுதாசன் சாரின் பழைய வீட்டிலிருந்து, புது வீட்டில் திரும்பச் சேர்ப்பதற்காகக் கழற்றி அடுக்கிய சுவர்ப் பலகைகளில் எண்கள் இல்லை என்பதை முதலில் பார்த்தது நான்தான். நீங்கள் பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்பே.

பெபிஷா எழுதுகிறேன். கோட்டயத்தில் வேலையும் சாப்பாடும் ஒழுங்காக இருக்கிறதா? இரண்டு முறை போன் போட்டு, உங்கள் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

ஆணியே இல்லாத சுவர் அது, ஒரு பலகை மாறினாலும் அடுத்தது பொருந்தாது என்று கழற்றும்போதே சொன்னீர்கள். ஒவ்வொன்றின் முனையிலும் சாக்பீஸால் எண் எழுதினீர்கள். கரையான் வராமலிருக்க முந்திரித்தோட்டு எண்ணெய் பூசும் வேலையை எனக்குத் தந்து, எண் இருக்கிற நான்கு விரல் அகலத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னீர்கள்.

ஒன்பதாம் வகுப்போடு நின்று, அண்டி ஆபீசில் முந்திரி உடைத்தவள் நான். அந்த எண்ணெய் எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. விட்ட இடம் வழியாகக் கரையான் ஏறிவிடுமே என்று முனைவரை பூசிவிட்டேன். காய்ந்ததும் எல்லாம் ஒரே கறுப்பு.

அன்று சார் எல்லார் முன்னாலும் கேட்டார். "நம்பர் போட்டேன்னு சொல்லுதியே, எங்கடே? பல்லி நக்கிட்டுப் போச்சோ? இல்ல, ஈஸ்டர் முடிஞ்சதும் பழையபடி ஊத்தத் தொடங்கிட்டியோ?" கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்கள் என் பக்கம் திரும்பி, "ஏட்டி, நான் எழுதினத நீ கண்டியா?" என்றீர்கள். இல்லை என்று நான் தலையாட்டினேன். அரத்தையும் உளியையும் துடைத்துப் பையில் வைத்து, அந்த வாரமே கோட்டயத்துக்கு வண்டி ஏறிவிட்டீர்கள்.

தவக்காலத்தில் நீங்கள் குடியை விட்டதை, உங்களைக் கட்டிய நாளிலிருந்து கேட்ட வரம் என்று ரீத்தா அக்கா எல்லாரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள். இப்போது அவர்களும் நீங்கள் குடித்துத்தான் மறந்தீர்கள் என்று நம்புகிறார்கள். கோயிலில் கடைசி வரிசையில் இருந்து, பூசை முடியுமுன்பே எழுந்து போய்விடுகிறார்கள். நான் தலை நிமிர்வதில்லை.

நேற்று சாரிடம் சொல்லிவிட்டேன். நிறையச் சத்தம் போட்டார். பிறகு, பலகைகளை ஒதுக்கிவிட்டுத் தொடங்கியிருந்த செங்கல் சுவர் வேலையை நிறுத்திவைத்து, நீங்கள் வருவீர்களா என்று என்னிடமே கேட்டார். ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து உங்களால் சேர்க்க முடியும். பலகை தூக்கித் தர நான் வருகிறேன், கூலி வேண்டாம். மழை பிடிக்குமுன் வாருங்கள், அண்ணா. என்னைத் திட்டவாவது வாருங்கள். மாதா உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
பெபிஷா

பி.கு.: உறையை ஒட்டுமுன் உங்கள் வீட்டுக்குப் போனேன். ரீத்தா அக்கா முன் நின்று, இதை முழுவதும் சத்தமாக வாசித்தேன்.