மிட்டாய்ப் பந்தின் அடித்தாள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று இந்த முறை எழுத முடியாது, எல்லோரும் இருக்கிறோம், அதுவரை சரி. முதலில் நீ கேட்டதற்குப் பதில். உன் தங்கையின் இடது கண்ணுக்கு வெளிச்சம் தெரிகிறது. இன்று காலை டாக்டரம்மா வார்டுக்கு வந்தபோது கண்கட்டை லேசாக விலக்கி டார்ச்சைக் காட்டினார், இவள் "மேல... இப்ப கீழ... இப்ப அணைச்சிட்டீங்க" என்று தவறில்லாமல் சொன்னாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். பிறகு வராந்தாவில் வைத்து டாக்டரம்மா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: விழி கிழியவில்லை, உள்ளே ரத்தம் தேங்கியிருக்கிறது, அது வடிந்த பிறகுதான் பார்வை எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியும். கண் போய்விட்டது என்று யாராவது உனக்குச் சொல்லியிருந்தால் அது தப்பு. கண் தப்பித்துவிட்டது என்று சொன்னாலும் தப்பு.

நீ அனுப்பிய குரல் பதிவை நான் மட்டும் கேட்டேன், அம்மாவுக்குப் போட்டுக் காட்டவில்லை. டிக்கெட் எடுத்து வருகிறேன், அவளை அடித்தவன் கையை எடுத்துவிட்டுத்தான் திரும்புவேன் என்று பேசியிருக்கிறாய். போனில் பேசினால் நீ கத்துகிறாய், நானும் கத்திவிடுகிறேன், அதனால்தான் எழுதுகிறேன். நீ கேள்விப்பட்டது உன் சிநேகிதன் சொன்னது, அவன் கேள்விப்பட்டது சலூனில், சலூன்காரருக்கு யார் சொன்னார் என்று சலூன்காரருக்கே தெரியாது. நான் எழுதுவதில் பாதி நானே பார்த்தது, மீதியை யார் சொன்னார் என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன். முழுதும் படித்துவிட்டுப் பிறகு கோபப்படு.

உன் தங்கை வீட்டிலேயே விழா சாமான்கள் செய்வது உனக்குத் தெரியும், ஆனால் நீ போன பிறகு அது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தெரியாது. காலண்டர் அட்டையில் பரிசுப் பை, காலி ஜாம் பாட்டிலில் மெழுகுவத்தி, பழைய சட்டைப் பொத்தான்களில் வாழ்த்து அட்டை, இப்படி வாங்க வேண்டியதில்லாத பொருளாகப் பார்த்துத்தான் செய்வாள். அதிகம் கேட்பது மிட்டாய்ப் பந்து. பலூனை ஊதி, அதன் மேல் பழைய பேப்பரைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து மைதாப் பசையில் நனைத்து ஒட்டி, ஃபேனுக்கு அடியில் காயவைத்து, மறுபடி ஒட்டி, காய்ந்ததும் பலூனை உடைத்து எடுத்துவிட்டு உள்ளே மிட்டாய் நிரப்பி, வெளியே கலர் பேப்பர் ஜாலர் சுற்றுவாள். பிறந்தநாளில் அதைக் கூரைக் கொக்கியில் தொங்கவிடுவார்கள், குழந்தைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு கம்பால் அடிப்பார்கள், உடைந்தால் மிட்டாய் கொட்டும். இதில் அவளுக்கென்று ஒரு முறை இருக்கிறது. மேலே முழுதும் கீற்றுதான், ஆனால் அடிப்பாகத்துக்கு மட்டும் கிழிக்காத முழுத் தாள் ஒன்றை ஓரங்களை வெட்டிவிட்டு அப்படியே குழிவாக ஒட்டுவாள், இல்லாவிட்டால் மிட்டாயின் கனத்தில் தொங்கும்போதே பிய்ந்துவிடும். அதற்குப் பத்திரிகையோடு வரும் வழவழப்பான இணைப்புத் தாள்தான் சரி, பசையில் ஊறாது. நம் வீட்டில் பேப்பருக்குக் குறைவில்லை, நான் பத்திரிகை ஆபீஸிலிருந்து கட்டுக் கட்டாகக் கொண்டுவருவேன், பரணிலும் பேப்பர், கட்டிலுக்கு அடியிலும் பேப்பர். மற்ற வீட்டில் ஒரு பக்கத்தை எடுத்தால் முதலில் படத்தைப் பார்ப்பார்கள். நம் வீட்டில் கனத்தைத்தான் பார்ப்பார்கள்.

பேக்கரிக்காரர் மகளின் பிறந்தநாளுக்குச் செய்த பந்தில் அடியில் ஒட்டிய தாள், சிமெண்ட் கடைக்காரரின் நினைவஞ்சலி விளம்பரம். பக்கம் முழுக்க அவர் முகம், சிரித்த முகம். கலர் பேப்பர் பத்தாமல் அடிப்பக்கத்துக்கு ஜாலர் சுற்றவில்லை. யாரு அண்ணாந்து பார்க்கப் போறாங்க என்று உன் தங்கை சொல்லிவிட்டாளாம், அம்மா சொன்னாள். ஒட்டும்போது தாளை விரித்துப் பிடித்தது அம்மாதான். முகம் தெரியலையா என்று கேட்டேன். "பசை சொட்டுதான்னு பார்த்தேன், முகத்தையா பார்ப்பேன்" என்றாள்.

சிமெண்ட் கடைக்காரர் போன மாதம் செத்ததை உனக்குச் சொல்லியிருந்தேன், எப்படி என்று சொல்லவில்லை. குடோன் வாசலில், காலை வெயிலில், நாலு பேர் கம்பியால் அடித்தே கொன்றார்கள். முதல் அடி முழங்காலில் விழுந்தது, உட்கார்ந்தவரை எழவே விடவில்லை. எதிர்ப்பக்கம் டயர் கடையில் நின்று பார்த்தவர்கள் எனக்குச் சொன்னது இது, போலீசிடம் யாரும் சொல்லவில்லை. செய்தியை நான்தான் எழுதினேன். இன்றுவரை கைது இல்லை. அவருடைய தம்பியை எல்லோரும் சின்ன முதலாளி என்பார்கள். அவர் என் மேஜைக்கே வந்து நாலு பேரைச் சொல்லி, பேரைப் போடுங்கள் என்று கேட்டார். போலீஸ் சொல்லட்டும், மறுநாளே போடுகிறேன் என்றேன். "உங்க கையிலயும் கவரைத் திணிச்சிட்டாங்களா சார்" என்று கேட்டுவிட்டு நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பத்திரிகைக்காரன் வீடு அந்தப் பக்கம் என்று அவர் மனதில் விழுந்துவிட்டது.

சின்ன முதலாளியின் சின்ன மகள் பேக்கரிக்காரர் மகளுடன் ஒரே வகுப்பு, பேக்கரிக்காரர் வீட்டு மாடியில் நடந்த பிறந்தநாளுக்கு வந்திருந்தாள். அலங்காரம் செய்ய உன் தங்கையும் மாப்பிள்ளையும் நானும் போயிருந்தோம். பெரியவர்கள் சுவரோரமாக நின்றதால் பந்தின் அடிப்பக்கம் யாருக்கும் தெரியவில்லை, கீழே நின்ற குழந்தைகளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. யாரோ ஒரு குழந்தை "மூக்குல அடி" என்று கத்த, அதுவே பாட்டாகிவிட்டது. "மூக்குல அடி, மூக்குல அடி." அப்போது கண்ணைக் கட்டிக்கொண்டு கம்பு பிடித்திருந்தது சின்ன முதலாளியின் மகள். மகளைக் கூட்டிப்போக அவர் படியேறி வந்தது அந்த நேரத்தில்தான். சிரித்துக்கொண்டேதான் வந்தாராம், பேக்கரிக்காரர் சொல்கிறார். பந்துக்கு அடியில் போய் மகளின் தோளைப் பிடித்தவர் அண்ணாந்து பார்த்தார்.

நான் கேக் தட்டுடன் சமையலறை வாசலில் நின்றிருந்தேன், இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் கண்ணால் பார்த்தது. அவர் மகள் கையிலிருந்த கம்பைப் பிடுங்கினார். "என் அண்ணன் செத்தது உங்களுக்கு விளையாட்டாடா" என்று ஒரே ஒரு தடவை கேட்டார், யாரைப் பார்த்துக் கேட்டார் என்று தெரியவில்லை. முதல் அடி மேஜையில், கண்ணாடிக் கிண்ணங்கள் சிதறின. அடுத்தது பேக்கரிக்காரரின் தோளில், எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. உன் தங்கை குழந்தைகளைப் பின்னால் தள்ளிவிட்டு, "அண்ணே, அது வெறும் பேப்பர்ணே, சத்தியமா தெரியாதுண்ணே" என்று கையை நீட்டிக்கொண்டு எதிரே போனாள். கம்பு அவள் முகத்தில் குறுக்காக இறங்கியது, புருவத்திலிருந்து கன்னம் வரை. அவள் கீழே உட்கார்ந்து கண்ணைப் பொத்திக்கொண்டாள், விரல் இடுக்கில் ரத்தம். அவர் மறுபடி ஓங்கினார். மாப்பிள்ளை, அலங்காரத்துக்குக் கொண்டுபோயிருந்த அட்டை வெட்டும் பெரிய கத்தரியை எடுத்து அவர் தொடையில் குத்தினார், இழுத்து இன்னொரு தடவை குத்தினார், மூன்றாவதுக்கு நான் மாப்பிள்ளையின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அந்த மனுஷன் எறும்பு கடித்தால்கூட நசுக்காமல் உதறிவிடுகிறவர், உனக்குத் தெரியும். தரையெல்லாம் ரத்தம், ரத்தத்தில் மிட்டாய். அந்தச் சின்னப் பெண் கண்கட்டை அவிழ்க்காமலே நின்றது. யாரும் அவிழ்த்துவிடவும் இல்லை, கடைசியில் அதுவே இழுத்துப் போட்டது.

மறுநாள் மதியம் நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது சின்ன முதலாளியின் ஆட்கள் நம் வீட்டுக்கு வந்தார்கள். இது அம்மா சொன்னது, மாடி வீட்டுத் தையல்காரரும் அப்படியே சொன்னார். கதவை உதைத்துத் திறந்து அலமாரியைக் கவிழ்த்து, மெழுகுவத்தி பாட்டில்களைச் சுவரில் எறிந்து உடைத்து, காயவைத்திருந்த பந்துகளை ஒவ்வொன்றாக மிதித்திருக்கிறார்கள். ஏற்கனவே ஒப்புக்கொண்ட விழாவுக்கு அம்மா அடுப்பில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஒருத்தன் அம்மாவின் முடியைப் பிடித்து இழுத்தானாம். அவள் கரண்டியோடு கிண்ணியைத் தூக்கி அவன் கையில் கவிழ்த்துவிட்டாள். கொதிக்கிற மைதாப் பசை தண்ணீர் மாதிரி வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். அவன் அலறிக்கொண்டு ஓட, மற்றவர்களும் ஓடியிருக்கிறார்கள். அம்மாவின் நெற்றியில் ஒரு வீக்கம், வேறொன்றுமில்லை. "ஒரு கிண்ணி பசை வீணாப்போச்சு" என்பதுதான் அவள் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை. இப்போது தையல்காரர் வீட்டில் படுக்கிறாள், பகலில் வார்டில் இருக்கிறாள்.

இன்றைய நிலைமை இது. மாப்பிள்ளை கொலை முயற்சி வழக்கில் உள்ளே இருக்கிறார், ஜாமீன் கிடைக்கவில்லை. சின்ன முதலாளி இதே ஆஸ்பத்திரியில் கீழ் மாடியில் இருக்கிறார், அவர் மீதும் வழக்கு, வாசலில் போலீஸ். தொடையில் நரம்பு அறுந்திருக்கிறது, கால் பழையபடி ஊன்ற வருமா என்று அங்கேயும் காத்திருக்கிறார்கள். உன் தங்கையின் வாக்குமூலம் இன்னும் வாங்கவில்லை. இன்ஸ்பெக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு எப்படிச் சொல்லுதோ அப்படித்தான் சார் ரெண்டு கேஸும் நிக்கும். ரெண்டு பக்கமும் விட்டுக்கொடுத்தா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்" என்றார். அவள் சின்ன முதலாளி மீது உறுதியாகச் சொன்னால் அவர் பக்கத்து ஆட்கள் மாப்பிள்ளை மீது உறுதியாகச் சொல்வார்கள். விட்டுவிட்டால் மாப்பிள்ளை வெளியே வருவார், ஆனால் ஒரு கண்ணை அடித்தவரும் கூடவே வெளியே வருவார். இதை அவளிடம் அப்படியே சொல்லிவிட்டேன், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அம்மாவுக்குச் சமாதானம் என்ற பேச்சே ஆகாது, "அவனும் கண்ணைக் கட்டிக்கிட்டு கொஞ்ச நாள் கிடக்கட்டும்" என்கிறாள்.

ஒரு கண் அசைந்தால் இன்னொன்றும் அசையும் என்று உன் தங்கைக்கு இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். கை சும்மா இருக்குமா, மருந்து டப்பாக்களைக் கேட்டு வாங்கித் தடவித் தடவியே பெட்டியாகவும் பூவாகவும் மடித்துவிடுகிறாள். நர்ஸ் ஒருத்தி தன் மகள் விழாவுக்கு ஒரு சரம் கேட்டிருக்கிறாள். பக்கத்துக் கட்டில் பாட்டியம்மா, "ஏம்மா, கண்ணைத் திறந்துட்டுச் செஞ்சா என்னதான் செய்வே நீ" என்று கேட்டதற்கு வார்டே சிரித்தது. இவளும் சிரித்தாள், சிரித்தால் கன்னத் தையல் இழுக்கிறது என்று உடனே நிறுத்திக்கொண்டாள்.

நேற்று மதியம் சின்ன முதலாளியின் மனைவி வார்டு வாசலில் வந்து நின்றாள். அம்மா எழுந்து கதவை அடைக்கப் போனாள், உன் தங்கைதான் குரலைக் கேட்டு உள்ளே விடச் சொன்னாள். அந்தப் பெண் மன்னிப்பும் கேட்கவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. "என் பொண்ணு சாப்பிட மாட்டேங்குது. பெரியப்பாவை நான்தான் அடிச்சேனா, நான்தான் அடிச்சேனான்னு கேட்டுக்கிட்டே இருக்கு. நான் என்னங்க சொல்றது" என்று கேட்டுவிட்டு அழுதாள். உன் தங்கை கையிலிருந்த அட்டையை மடித்து முடித்துக் கட்டிலில் வைத்தாள். பிறகு, "அது பேப்பர்னு சொல்லுங்க. நான் ஒட்டுன பேப்பர், வேற யாரும் இல்லைன்னு சொல்லுங்க. குழந்தைக்கு அவ்வளவுதான். உங்க வீட்டுக்காரருக்கு என்ன சொல்றதுன்னு எனக்கு இன்னும் தெரியலைங்க" என்றாள். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டுப் போனாள், அம்மா அவள் நின்ற இடத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

இதில் நீ வந்து செய்ய ஒன்றும் இல்லை, பெரியவனே. ஏற்கனவே ஒரு வீட்டில் பிணம் விழுந்தது, நம் வீட்டில் ஒருத்தர் ஜெயிலில், ஒருத்தி கட்டிலில். நீ வந்து அவர் மேல் கை வைத்தால் உன் தங்கையின் வாக்குமூலத்துக்கு அர்த்தமே இருக்காது, அவள் சொல்ல வேண்டியதை நீ சொல்லிவிட்டதாக ஆகும். கோபப்படாதே என்று சொல்லவில்லை. எனக்கும் இருக்கிறது, கீழ் மாடியைத் தாண்டித்தான் தினமும் மேலே ஏறுகிறேன், அந்தக் கதவுப் பக்கம் கால் தானாக நிற்கிறது. ஆனால் அந்தப் போலீஸ்காரருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு ஏறிவிடுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, வேலையில் யாரிடமும் எரிந்து விழாதே, சிநேகிதனிடம் இதைப் பற்றி இனி பேசாதே. உனக்கும் உன் வீட்டாருக்கும் அம்மாவும் நானும் மனதார ஆசி சொல்கிறோம், நல்லபடியாக இருங்கள். மறக்காதே, நான் அடுத்து எழுதும்வரை டிக்கெட் எடுக்காதே.

வியாழக்கிழமை காலை டாக்டரம்மா வரும்போது கட்டைப் பிரிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அன்று மதியமே இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்துக்கு வருவார். என்ன சொல்லப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை, அம்மா கேட்டாள். அதற்கு அவள் சொன்னது: "பிரிச்சதும் என்னைக் கீழ் மாடிக்குக் கூட்டிட்டுப் போங்க. அந்த ஆளை ரெண்டு கண்ணாலயும் பார்த்துட்டுச் சொல்றேன். ஒரு கண்ணுலதான் தெரியும்னா, அதால பார்த்துட்டுச் சொல்றேன்."

அன்புடன்,
உன் அப்பா