இடைவேளை வரை

மார்ச் 3, செவ்வாய்

டிவி தொடரின் தொள்ளாயிரமாவது பகுதியை எழுதி அனுப்பினேன். மாமியாருக்கு மறுபடி நெஞ்சுவலி. நடிகைக்கு வேறு படப்பிடிப்பு என்றால் அந்த அம்மாளுக்கு இங்கே நெஞ்சு வலிக்கும்.

மாலை, என் முதல் படத்துக்காக முதலீட்டாளரின் அலுவலகம். கதையை 'வாய்' சொன்னான். பதினொரு வருடக் கூட்டாளிக்கு இந்த நோட்டில் அதுதான் பெயர். நான் எழுதுவேன், அவன் போய்ச் சொல்வான். எனக்கு நாலு பேர் முன்னால் நடித்துக் காட்ட வராது. கதையில் ஆஸ்பத்திரி லிஃப்ட்டை இயக்கும் பெண் உள்ளே மாட்டிக்கொள்ளும் இடத்தில் இடைவேளை. எப்போதும்போல் அங்கேயே நிறுத்தினான். "மீதிய தியேட்டர்ல பாருங்க சார்!" முதலீட்டாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க டைப் பண்றவங்களாம்மா?"

வாய் திருத்தவில்லை. நானும்தான்.

மார்ச் 11, புதன்

பட அறிவிப்பு வந்துவிட்டது. கதை: அவன். தயாரிப்பு: அவன். வசனம்: நான்.

போன் செய்தேன்.

"கோச்சுக்காதீங்க ப்ரொபசர். பத்து ஆபீஸ் ஏறி எறங்கி தொண்டை கிழிய சொன்னது யாரு? அவங்க என் கதைன்னே நம்பிட்டாங்க. இப்ப போய் மாத்துனா நல்லாவா இருக்கும்?"

எழுத்தாளர் சங்கத்தில் கதையின் முதல் பாதியைப் பதிவு செய்யவும் இவனைத்தான் அனுப்பினேன். அவன் பெயரில் பதிந்திருக்கிறான். முதுகலைப் பட்டம் வாங்கியதால் அவனுக்கு நான் ப்ரொபசர்; எனக்கு நான் முட்டாள்.

மார்ச் 12

பல்லைக் கடித்ததில் தாடை வலிக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

என் புகார் மீது சங்கத்தில் விசாரணை. மூன்று பேர், ஒரு மின்விசிறி. இருவரையும் கதை சொல்லச் சொன்னார்கள். வாய் எழுந்து நின்று சொன்னான். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேனோ, அங்கே தாழ்த்தினான். தலைவர் மூக்கை உறிஞ்சினார். அடுத்து நான் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். இருபதாவது நிமிடம் தலைவர் கை காட்டினார்.

"போதும்மா. தம்பி சொல்லச் சொல்ல நீங்க எழுதிக்கிட்டீங்க, அதானே?"

அதானே! இன்னும் ஒரு மணி நேரம் அவர் பொறுத்திருந்தால் இடைவேளையையாவது தாண்டியிருப்பேன்.

கதை அவனுடையது என்று முடிவு. வெளியே வந்ததும் காபி வாங்கித் தரட்டுமா என்கிறான். என்ன பிறவி இது?

ஏப்ரல் 9, வியாழன்

காலை ஏழு மணிக்கே போன். படப்பிடிப்புத் தேதி போட முழுக் கதையும் வேண்டும் என்று முதலீட்டாளர் கேட்டாராம். இரண்டாம் பாதி என் கையெழுத்தில், என் மேசையில் இருக்கிறது. இத்தனை நாளில் அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இடைவேளையோடு அவன் வேலை முடிந்தது.

"லிஃப்ட் தொறந்ததும் யாரு வெளிய வர்றா? அத மட்டும் சொல்லுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்."

"உன் கதைதானே? நீயே திற."

போனை வைத்ததும் கூடத்திலிருந்து தங்கை கேட்டாள்: "நெஜமாவே யாருக்கா வெளிய வர்றா?"

"வேலையைப் பார்."

ஏப்ரல் 15, புதன்

வாய் வீட்டுக்கே வந்தான். கதையை என் பெயருக்கு மாற்றச் சொல்லிச் சங்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொண்டுவந்திருந்தான். 'புரிதலில் ஏற்பட்ட தவறு' என்று இருந்தது. அடித்துவிட்டு 'நான் செய்த தவறு' என்று எழுதச் சொன்னேன். நின்றபடியே எழுதினான். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. நான் உட்காரச் சொல்லவில்லை.

"இப்பவாவது சொல்லுங்க."

"முதலீட்டாளரிடம் சொல்லிக்கொள்கிறேன்."

சிரித்தான். "நீங்களா? படிக்க ஆரம்பிச்சா அவர் தூங்கிருவார், ப்ரொபசர்!"

உண்மைதான். அதனால்தான் சுட்டது.

ஏப்ரல் 28

கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். சகிக்கவில்லை.

மே 5, செவ்வாய்

அதே அலுவலகம். வாய் என்னோடு உள்ளே வரப் பார்த்தான். வேண்டாம் என்றேன். கதவைச் சாத்தினேன். நடிக்கவில்லை, தாளைப் பார்த்தே படித்தேன், இரண்டரை மணி நேரம். யாரும் அழவில்லை. முதலீட்டாளர் ஒருமுறை கடிகாரம் பார்த்தார். அது முதல் பாதியில். படித்து முடித்ததும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தக் கதவு தொறக்கற எடத்த இன்னொரு தடவ படிங்கம்மா."

படித்தேன்.