கிணத்து வாசலில் வச்ச சுவர்

பெங்களூர், 14-6-1983

உத்திராபதி அப்பாவுக்குக் கும்பிட்டு எழுதுவது. உங்க முழங்கால் வீக்கம் வடிஞ்சுதா? நான் சமைக்கிற வீட்டில் எனக்கு ஒரு குறையுமில்லை.

நேத்து இங்கே குழாயில் தண்ணி வரலை. பக்கத்து வீட்டம்மா கேக்காமலே ஒரு குடம் கொண்டாந்து வச்சா. எனக்கு நம்ம காரைக்கால் வீடு ஞாபகம் வந்துட்டு.

அதைப் பழுது பாத்து வாடகைக்கு விட்டு, பத்திரத்தை பேங்கில் வச்சு இன்னொரு வீடு வாங்கலாம்னீங்க. உங்க தம்பி பொண்டாட்டி பெரியநாயகி மூஞ்சியில் முழிக்கக் கூடாதுன்னு, பங்குக் கிணத்துக்குப் போற வாசலை அடைச்சுச் சுவர் வைக்கச் சொன்னது நான்தான். தண்ணியில்லாத வீட்டுக்கு யார் குடி வருவா? வாடகை வராம பேங்கிலும் கடன் கிடையாதுன்னுட்டான்.

ஊர்லேர்ந்து யாராவது வந்தா வடகம் கொடுத்தனுப்புங்க, ரெண்டு வார்த்தை பேசவும் ஆளாச்சு. சுவரை இடிச்சிடுங்க. நான் சொன்னேன்னு பெரியநாயகிகிட்ட சொல்லிட்டே இடிங்க. நம்ம பையன் உத்திராபதி கல்யாணத்தன்னைக்கு அவ என் குடத்தைக் காலால் தள்ளினதை நான் மறக்கலைன்னும் சொல்லுங்க.

உலை கொதிக்குது.

அஞ்சுகம்